கீழப்பாவூர்ப் புத்தகம் ஆய்க்குடியில் இருந்த கதை

பேராச்சி வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும் சத்தம் கேட்டாலே எனக்குப் பசி எடுத்துவிடும். மாதத்துக்கு ஒரு நாள், காலை ஆறரைக்கு, வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வருவாள். எனக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருடம் ஆகிறது. அதில் முதல் எட்டு வருடம் நான் ஒழுங்காகப் பரிசோதனை செய்துகொண்டதே கிடையாது. வெறும் வயிற்றில் ஒரு ஊசி, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு ஊசி என்பது முறை. முதல் ஊசிக்குக் கையை நீட்டுவேன். இரண்டாவது ஊசி வரும் நேரத்துக்கு மார்க்கெட்டில் இருப்பேன். என் மாதிரி ஆட்கள் தென்காசியில் தெருவுக்கு நாலு பேர் உண்டு.

எங்களை எல்லாம் அவள் வழிக்குக் கொண்டுவந்தது கதை சொல்லித்தான். முதலில் மாட்டியவர் எங்கள் பக்கத்துத் தெரு ஜாஹிரா பீவி. ஊசியைக் கண்டால் அந்த அம்மாள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு கத்துவார். பேராச்சி முந்தின நாள் வாசித்த நாவலை எடுத்துவிட்டாள். ஒருத்தி கிணற்றடியில் ஒரு பெட்டியைப் பார்க்கிறாள், பெட்டிக்குள் என்ன என்று திறக்கப் போகிறாள். அதற்குள் ரத்தம் எடுத்தாகிவிட்டது. பேராச்சி குழாயை மூடி ஐஸ் பெட்டிக்குள் வைத்துக் கிளம்பிவிட்டாள்.

"ஏட்டி, பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சு?" என்று ஜாஹிரா பீவி கத்தினாராம்.

"சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வாரேன்மா. அப்பச் சொல்லுதேன்."

அன்றைக்கு ஜாஹிரா பீவி மணிக்கூண்டு மாதிரி நேரம் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருக்கிறார். அதன் பிறகு பேராச்சியின் வாடிக்கைக்காரர்கள் யாரும் இரண்டாவது ஊசியைத் தவறவிட்டதில்லை. லேப் முதலாளி அவளுக்கு நல்ல பெயர் கொடுத்தார். காரணம் அவருக்கு இன்றுவரை தெரியாது.

அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கீழப்பாவூரில் பிறந்தவள். நாற்பத்து நாலு வயது. அப்பா அரிசி மில்லில் வேலை பார்த்தவர். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் எதிரே இருந்த படிப்பகத்தில் புகுந்துவிடுவாள், சாப்பாடு ஆறிப்போகும். திருநெல்வேலியில் லேப் படிப்பு படித்தாள். கல்யாணமாகித் தென்காசிக்கு வந்தாள். புருஷன் முத்துகுமரன் புளியரை வழியாகக் கேரளாவுக்கு லாரி ஓட்டுகிறவன், ரோட்டுப் பலகையைத் தவிர வேறு எதையும் வாசிக்காத நல்ல மனிதன். முதலில் லேப்பிலேயே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அது ஒத்துவரவில்லை. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிற வேலையைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். தென்காசி, இலஞ்சி, குற்றாலம், ஆய்க்குடி, கீழப்பாவூர், இந்த ஐந்து ஊரும் அவள் ஸ்கூட்டருக்கு அத்துப்படி.

இந்த ஐந்து ஊரிலும் ஐந்து படிப்பகம் இருக்கிறது. அரசாங்க நூலகத்தைச் சொல்லவில்லை. ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்துகிற, மின்விசிறி பாதி நாள் ஓடாத சின்னப் படிப்பகங்கள். தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றபின் தென்காசிப் படிப்பகத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். முன்பெல்லாம் எங்களிடம் இல்லாத புத்தகம் இலஞ்சியில் இருந்தால், நான் இலஞ்சிக்குச் சீட்டு எழுதுவேன், அவர்கள் தேடுவார்கள், யாராவது இந்தப் பக்கம் வரும்போது கொடுத்துவிடுவார்கள். புத்தகம் வந்து சேருவதற்குள் கேட்டவருக்கு ஆசையே போய்விடும். அதனால் நாலு வருடத்துக்கு முன்னால் ஐந்து படிப்பகமும் கூடி ஓர் ஏற்பாடு செய்தோம். எங்கள் உறுப்பினர் யாராவது நீல அட்டையைக் காட்டினால், வேறு படிப்பகத்தில் நேராகப் போய் இரண்டு புத்தகம் எடுக்கலாம். எந்த ஊரில் வேண்டுமானாலும் திருப்பிக் கொடுக்கலாம். அசலூர்ப் புத்தகத்தைத் தனியாக ஒரு தட்டில் வைத்திருந்து, மாதக் கடைசியில் அதனதன் ஊருக்கு அனுப்பிவிட வேண்டும். யாரும் அடுத்தவருக்குக் கை மாற்றிக் கொடுக்கக் கூடாது. அட்டைக்குச் சொந்தப் படிப்பகத்துக்காரர் பிணைக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஏற்பாடு பிரமாதம். அறுபது அட்டை அச்சடித்தோம். நாலு வருடத்தில் அதை விடாமல் பயன்படுத்தியவள் ஒருத்திதான். பிணைக் கையெழுத்து என்னுடையது.

அசலூர்ப் புத்தகங்களை மாதக் கடைசியில் யார் சுமப்பது என்று கேள்வி வந்தபோது பேராச்சியே முன்வந்தாள். "நான்தான எல்லா ஊருக்கும் போறேன். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டாப் போச்சு" என்றாள். எல்லோரும் கைதட்டினோம். பூனையிடம் பாலை ஒப்படைத்த கைதட்டல் அது.

இந்த ஜூனில் நாலு வருடம் கழித்து ஐந்து ஊரிலும் இருப்புச் சரிபார்த்தோம். இருபத்து மூன்று புத்தகங்களைக் காணவில்லை. அதனதன் ஊர்ப் பதிவேட்டைப் பார்த்தால் அவை யார் கையிலும் இல்லை. அப்புறம் பார்த்தால் கீழப்பாவூர்ப் புத்தகம் இலஞ்சி அலமாரியில் ராஜா மாதிரி நிற்கிறது, குற்றாலத்துப் புத்தகம் எங்கள் அலமாரியில் எட்டு பேர் கை மாறி நைந்து கிடக்கிறது. பேராச்சியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் கொஞ்சமும் பயப்படவில்லை.

"ஆமா அண்ணாச்சி, நான்தான் வச்சேன். அசலூர்த் தட்டுலருந்து எடுத்து அங்கனயே அலமாரியில வச்சேன்."

"எதுக்குட்டி வச்ச?"

"ஆய்க்குடியில பெஞ்சமின் வாத்தியாருக்கு மூட்டுல ஆபரேஷன். பாதிக் கதையக் கேட்டுட்டு, புத்தகத்தக் கொண்டான்னு நிக்கிறாவ. அவங்களால கீழப்பாவூருக்குப் போவ முடியுமா? கை மாத்திக் கொடுக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னிய? நான் கை மாத்தவே இல்ல. ஆய்க்குடிப் படிப்பகத்துல வச்சேன், அவங்க கம்ப ஊனிட்டுப் போயி அவங்க கார்டுல எடுத்தாவ. சட்டப்படிதான செஞ்சேன்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதைவிட எரிச்சல், அவள் சொன்னது சரியாகவும் இருந்தது. கீழப்பாவூரில் ஒன்பது வருடம் யாரும் தொடாத புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய், எந்த ஊரில் அதற்காக ஒருவர் காத்திருக்கிறாரோ அங்கே வைத்திருக்கிறாள். வாசித்து முடித்த பிறகு திருப்பி எடுக்க வேண்டும் என்பதுதான் அவளுக்கு மறந்துபோனது. அதற்குள் அங்கே இன்னொருவர் கேட்டிருப்பார்.

ஐந்து படிப்பகத்துக்கும் தலைவர் ஆய்க்குடி நமசிவாயம். நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருடம் சங்கிலி பிடித்தவர். ஒரு சாண் தள்ளி வேலி போட்டால்கூட அண்ணன் தம்பி இரண்டு பேரையும் வெயிலில் நிறுத்தி அளந்து காட்டுவார். அவரிடம் போய், எது எந்த ஊர்ப் புத்தகம் என்பதே கலங்கிவிட்டது என்று சொன்னால் என்ன ஆகும்? கூட்டம் போட்டார். தீர்ப்புச் சொன்னார்.

"அடுத்த ஞாயித்துக்கிழம சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள இருபத்து மூணும் அதது அலமாரியில இருக்கணும். ஒண்ணு கொறஞ்சாலும் பேராச்சியோட நீல அட்ட ரத்து. ரூல்னா ரூல்தான்."

பேராச்சி அன்றைக்குத்தான் அழுதாள், அதுவும் என் படிப்பகத்துக்கு வந்து, பழைய வார இதழ் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து. "அட்டை போச்சுன்னா நான் என்ன செய்வேன் அண்ணாச்சி? இந்தப் படிப்பகத்துல உள்ளத எல்லாம் ரெண்டு தடவ வாசிச்சிட்டேன். நாளைக்கு ஊசிய எடுத்துட்டுப் போயி வெறும் வாயோட நிப்பேனா?" என்றாள். காபி வாங்கிக் கொடுத்தேன், சர்க்கரை போட்டு.

மறுநாளிலிருந்து வேட்டை. சீசன் நேரம், சாரல் விட்டு விட்டு அடிக்கிறது, குற்றாலம் ரோட்டில் வேனும் காருமாக ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கிறது. அருவிக்குப் போகிற கூட்டத்துக்கு நடுவில் இவள் மழைக்கோட்டுக்குள் புத்தகத்தை அணைத்துக்கொண்டு ஸ்கூட்டரை நெளித்து நெளித்துப் போனாள். ரத்தம் எடுக்கப் போன வீடுகளில் எல்லாம் கெஞ்சினாள். ஜாஹிரா பீவி கடைசி அத்தியாயத்தை அவளை நிறுத்தி வைத்துக்கொண்டே வாசித்து முடித்துக் கொடுத்தார். குற்றாலத்தில் ஒரு லாட்ஜ்காரர், தன்னிடம் இருந்ததைக் குரங்கு பிடுங்கிவிட்டது என்றார். பேராச்சி நம்பவில்லை. அவர் தலையணைக்கு அடியிலேயே கையை விட்டு எடுத்தாள். வெள்ளிக்கிழமை இரவுக்குள் இருபத்து இரண்டு சேர்ந்துவிட்டது.

இருபத்து மூன்றாவது கீழப்பாவூரின் ஒரு துப்பறியும் நாவல். பட்டியலில் அதற்கு ஒரு பூவின் பெயர். ஆனால் பெயர் இருந்த மேலட்டையும் முதல் பன்னிரண்டு பக்கங்களும் எப்போதோ போய்விட்டன. பழுப்புக் காலிகோ துணி ஒட்டிக் கட்டியிருந்தார்கள். கதையில் பூவே கிடையாது. ஒரு தேயிலை எஸ்டேட், மூன்று கொலை. பெஞ்சமின் வாத்தியாருக்காகப் பேராச்சி ஆய்க்குடியில் வைத்தது இதைத்தான். வாத்தியார் வாசித்து எப்போதோ திருப்பிவிட்டார். ஆய்க்குடி அலமாரியில் இப்போது அதைக் காணவில்லை. அங்கே பதிவேட்டில் 'காலிகோ நாவல்' என்று எழுதியிருக்கிறது, எடுத்தவர் பெயர் இருக்கிற இடத்தில் காபி கொட்டியிருக்கிறது.

சனிக்கிழமை எனக்கு மாதப் பரிசோதனை. காலையில் வந்தபோது பேராச்சி கதையும் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. பத்து மணிக்கு இரண்டாவது ஊசிக்கு வந்தபோது முகமே மாறியிருந்தது.

"கெடச்சிட்டு அண்ணாச்சி."

"கொண்டா, கொண்டா. எங்க இருந்துச்சு?"

"நமசிவாய அண்ணாச்சி தலமாட்டுல."

எனக்கு ஊசி குத்தியதுகூடத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். காலையில் என்னிடம் ரத்தம் எடுத்துவிட்டு ஆய்க்குடிக்குப் போயிருக்கிறாள். நமசிவாயத்துக்கும் சர்க்கரை. ஊசி குத்தும்போது பேச்சுக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்தவர் அவர், அவரிடம் மட்டும் அவள் கதை விட்டதில்லை. அன்றைக்கு அவரே பேசியிருக்கிறார். கட்டிலில் காலிகோ நாவல் கவிழ்ந்து கிடக்கிறது, மேலே மூக்குக் கண்ணாடி. "பேரு தெரியாத புத்தகம் ஒண்ணு நம்ம படிப்பகத்துல கெடச்சுது பேராச்சி. ஒரு வாரமா சோறு தண்ணி செல்லல. நூத்தி அறுபதாம் பக்கம் வந்துட்டேன். மேனேஜர்தான் கொன்னான்னு நெனச்சேன், அவனும் செத்துப் போனான். தோட்டக்காரன் மேல இப்ப சந்தேகம்" என்று, ரத்தம் எடுத்து முடியும்வரை, அவளுக்குக் கதை சொல்லியிருக்கிறார். அவருக்குக் கொஞ்சமும் தெரியாது, பட்டியலில் தேடுகிற புத்தகம் அதுதான் என்று.

"நீ சொல்ல வேண்டியதுதான?" என்று கத்தினேன்.

"எப்படிச் சொல்லுவேன்? பாதியில இருக்காவ."

"பாதியாவது முக்காலாவது! நாளைக்கு உன் அட்டை போவுது. நான் சொல்லுதேன்."

"சொல்லக் கூடாது. என் மேல சத்தியம் பண்ணுங்க." கையைப் பிடித்துக்கொண்டாள். "வாசிச்சிக்கிட்டு இருக்கவங்க கையிலருந்து புத்தகத்தப் புடுங்கச் சொல்லுதீயளா? அத மட்டும் நான் செய்ய மாட்டேன் அண்ணாச்சி."

சத்தியம் பண்ணித் தொலைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இலஞ்சிப் படிப்பகத்தில் கூட்டம். வெளியே தென்னந்தோப்பில் சாரல் விழுகிற சத்தம். நமசிவாயம் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பெயர் வாசித்தார், ஒவ்வொரு ஊர்க்காரரும் "வந்துட்டு, வந்துட்டு" என்று சொன்னார்கள். கடைசியில் அந்தப் பூவின் பெயர் வந்தது. கீழப்பாவூர்க்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

"இருபத்து ரெண்டு" என்றார் நமசிவாயம். "ஒண்ணு எங்க?"

பேராச்சி எழுந்து நின்றாள். "இருக்கு அண்ணாச்சி. பத்திரமா இருக்கு. ஒருத்தங்க வாசிச்சிக்கிட்டு இருக்காங்க."

"யாரு?"

"அதச் சொல்ல மாட்டேன்."

"வாங்கிட்டு வர வேண்டியதுதான?"

"நல்ல கட்டத்துல இருக்காங்க."

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். நமசிவாயம் சிரிக்கவில்லை. நான் சத்தியத்தை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் பையைத் திறந்து நீல அட்டையை எடுத்தாள். நாலு வருடம் மழையிலும் வெயிலிலும் பட்டு ஓரமெல்லாம் வெளுத்திருந்தது. அதை மேசையில் வைத்துவிட்டு, வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள். வெளியே ஸ்கூட்டர் மூன்று உதைக்கு அப்புறம்தான் கிளம்பியது. நமசிவாயம் அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் படிப்பகத்தைத் திறக்கும்போது நமசிவாயம் வாசலில் நிற்கிறார். குடை பிடித்திருந்தும் பாதி நனைந்திருந்தார். உள்ளே வந்து மேசை மேல் மூன்று சாமான்களை வைத்தார். காலிகோ நாவல், பேராச்சியின் அட்டை, அவருடைய அட்டை.

"இருநூத்தி ஒண்ணாம் பக்கத்தப் பாருங்க" என்றார்.

எல்லாப் படிப்பகத்துக்கும் ஒரு ரகசியப் பக்கம் உண்டு. முதல் பக்கம் கிழிந்தாலும் யாருடைய புத்தகம் என்று தெரிய, அந்தப் பக்கத்தில் ஒரு முத்திரை குத்தி வைப்போம். ஆய்க்குடிக்கு ஐம்பத்தொன்று. கீழப்பாவூருக்கு இருநூற்றொன்று. விரித்தேன். கீழப்பாவூர் முத்திரை ஊதா நிறத்தில் பளிச்சென்று இருந்தது.

"இன்னைக்குக் காலையில காபிக்கு முன்னால அந்தப் பக்கத்துக்கு வந்தேன். அப்படியே உக்காந்துட்டேன்" என்றார். "அம்பத்தொண்ணுல நம்ம முத்திரை இருக்கான்னு பாத்துட்டுத்தான் எடுக்கணும். ரூல் போட்டதே நான்தான். வீட்டுல வந்து வாசிக்கும்போதாவது பாத்திருக்கணும். பாக்கல. அந்தப் பக்கத்துலதான மொதக் கொலை விழுது."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"சனிக்கிழம என் கையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா, புத்தகம் பக்கத்துலதான் கெடக்கு. நான் பாட்டுக்கு அவளுக்கே கதை சொல்லுதேன். ஒரு வார்த்த சொல்லலையே, பாவி மக. நேத்தும் சபையில வச்சுச் சொல்லலையே." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டியது கண்ணாடி இல்லை. "கொறஞ்ச ஒண்ணு என்னால கொறஞ்சது. அவ அட்டைய அவகிட்டக் கொடுத்துருங்க. என் அட்டைய ஆறு மாசம் நிறுத்தி வைங்க. எழுதுங்க."

"அண்ணாச்சி, தெரியாம நடந்தது..."

"எழுதுங்கங்கேன்."

எழுதினேன். அவரே வாங்கி, தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அப்புறம் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

"இத இப்பமே கீழப்பாவூர்ல கொண்டு சேக்கணும். பஸ் எத்தன மணிக்கு?"

"பத்து நிமிஷத்துல ஒண்ணு வரும்."

சரி என்றார். ஆனால் நகரவில்லை. வாசலைப் பார்த்தார், மழையைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார்.

"இன்னும் எழுபது பக்கம் இருக்கு" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

நேற்றுவரை அவர் மேல் இருந்த கோபம் எனக்கு எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. "இங்கன உக்காந்து வாசிக்கதுக்கு அட்டை எதுக்கு அண்ணாச்சி?" என்று ஜன்னலோர நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் ஒரு நிமிடம் ரூலை யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். பிறகு உட்கார்ந்தார்.

நான் பேராச்சிக்குப் போன் போட்டு, வந்து அட்டையை வாங்கிக்கொள் என்று மட்டும் சொன்னேன். பத்தரைக்கு வந்தாள். அதற்குள் கீழப்பாவூர் பஸ் மூன்று போய்விட்டது. தலையில் ஹெல்மெட்டோடு உள்ளே வந்தவள் ஜன்னல் பக்கம் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். நான் அட்டையை நீட்டினேன். வாங்கி, சுடிதார் துணியில் ஈரத்தைத் துடைத்து, பைக்குள் வைத்தாள். கண்ணையும் அதே துணியில் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக அவர் நாற்காலிக்குப் பின்னால் போய், எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் "அய்யோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

நமசிவாயம் தலையைத் தூக்கவில்லை. ஒரு கையை மட்டும் உயர்த்தி நிறுத்தினார்.

"ஏட்டி பேராச்சி, உங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். கேக்கேன். ஒரு மணி நேரம் பொறு" என்றார். "அதுவரைக்கும் அந்தத் தோட்டக்காரனப் பத்தி மட்டும் வாயத் தொறந்துராத."